மிட்டாய்க் கண்ணாடி

நான் சிறுமியாக இருந்தபோது, டிசம்பர் பிறந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பரணிலிருந்து இறங்குவது மூங்கில் சிம்புக் கட்டு. அப்பா அதைத் திண்ணையில் பரப்பி, ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குப் பத்துச் சிம்பு என்று எண்ணி எடுப்பார். ஐந்து சிம்பில் ஒரு ஸ்டார், மீதி ஐந்தில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டுவார். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் அரைச் சாண் குச்சிகளை முட்டுக் கொடுப்பார். அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிறு வைத்து எழும்பும். அதன்மேல் மைதாப் பசை தடவி சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடித் தாளை ஒட்டுவது என் வேலையும் அண்ணன் வேலையும். உள்ளே நாற்பது வாட்ஸ் குண்டு பல்பு.

பாளையங்கோட்டையில், ஊசிக் கோபுரம் என்று சொல்லும் தேவாலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் வீடு. 1826இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூடம் போய்வருவேன். சாயங்காலம் திரும்பும்போது தெருவில் எத்தனை ஸ்டார் ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவேன். ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்டாரைவிட, அது எதிர்ச்சுவரில் விழுத்தும் நிறம். சுண்ணாம்பு அடித்த சுவரில் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம், இரண்டும் சேருமிடத்தில் பெயர் தெரியாத ஒரு நிறம். அதில் கையை நீட்டி நீட்டிப் பார்ப்பேன். உள்ளங்கை பச்சையாகும்.

கடையில் பிளாஸ்டிக் ஸ்டார் வந்தபின் சிம்புக் கட்டு பரணிலேயே தங்கிவிட்டது. அப்பாவும் போய்விட்டார். பிளாஸ்டிக் ஸ்டார் நனையாது, கிழியாது, அடுத்த வருடத்துக்கும் ஆகும். எல்லாம் சரிதான். சுவரில் மட்டும் எதுவும் விழாது.

2019 டிசம்பரில் இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் போனில் எதையோ பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "அம்மா, மிட்டாய உருக்கி ஸ்டார் செய்யுறாங்க. கண்ணாடி மாதிரியே இருக்கு. நாமளும் செய்வோமா?" குளிர் நாடுகளில் பல வீடுகளில் கிறிஸ்துமஸுக்குச் செய்வதுதான். கெட்டி மிட்டாய்களைப் பிஸ்கட் வெட்டும் அச்சுக்குள் நிரப்பி ஓவனில் உருக்கி, ஆறியதும் நூல் கோத்து மரத்தில் தொங்கவிடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது சுவரில் பச்சையான என் உள்ளங்கைதான்.

அன்றைக்கே அண்ணாச்சி கடைக்குப் போனோம். சுளை வடிவ ஆரஞ்சு மிட்டாய் கால் கிலோ, சிவப்பிலும் பச்சையிலும் கண்ணாடி போல இருந்த மிட்டாய் ஒரு பாக்கெட். வீட்டில் ஒரு சின்ன ஓ.டி.ஜி. ஓவன் இருந்தது. தட்டில் பேக்கிங் பேப்பர் விரித்தோம். இங்கே ஒரு விஷயம்: கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சில சமயம் மெழுகு பூசிய தாளைத் தந்துவிடுவார்கள். அது ஓவன் சூட்டில் மெழுகை விட்டுவிட்டு மிட்டாயோடு ஒட்டிக்கொள்ளும். பேக்கிங்குக்கான தாள் என்று கேட்டு வாங்க வேண்டும், சிலிகான் விரிப்பு இருந்தால் இன்னும் நல்லது. எவர்சில்வர் அச்சுகளின் உள்பக்கம் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, மிட்டாயைத் துணியில் முடிந்து அம்மிக் குழவியால் தட்டி, பொடித்ததை ஒரே அடுக்காக நிரப்பினோம். 170 டிகிரியில் ஆறேழு நிமிஷம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். துண்டுகளின் முனை முதலில் மழுங்கியது, அப்புறம் ஒன்றோடொன்று சாய்ந்தது, கடைசியில் குளம் மாதிரி மட்டமாக நின்றது. வெளியே எடுத்து ஒரு நிமிஷம் விட்டு, ஈர்க்குச்சியால் ஓட்டை போட்டேன். கொஞ்சம் சூடு இருக்கும்போதே அச்சைக் கழற்றிவிட வேண்டும். முழுக்க ஆறிவிட்டால் அச்சோடு சேர்த்து உடையும்.

பன்னிரண்டு ஸ்டார். ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டோம். சாயங்கால வெயில் பட்டபோது அடுக்களைச் சுவரில் ஆரஞ்சும் சிவப்பும் விழுந்தது. மகள் கையை நீட்டினாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகத்தான் நீட்டினாள்.

ராத்திரி பத்து மணிக்குத் தொட்டபோது பிசுபிசுத்தது. காலையில் எழுந்து பார்த்தால் ஓட்டைகள் நீண்டு இழுபட்டிருந்தன, இரண்டு ஸ்டார் தரையில். மீதியிலிருந்து இழை இழையாகப் பாகு வடிந்து ஜன்னல் கட்டையில் திட்டாக நின்றது. அந்தத் திட்டிலிருந்து வாசல்வரை எறும்புச் சாரை. மகள் அழுதாள். அவளைவிட எனக்குத்தான் வருத்தம்.

அத்தை வந்து பார்த்தார்கள். என் மாமியார். உடன்குடிப் பக்கம், தேரிக்காட்டு ஊர். அவர்கள் அப்பா பனையேறியவர், அம்மா பயினி, அதாவது பதநீர், காய்ச்சியவர். ஒரு ஸ்டாரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏளா, இது காத்தக் குடிச்சிருக்கு. மழக்காலத்துல கருப்பட்டியே வேத்துரும், சீனி எம்மாத்திரம்?" என்றார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது. எனக்கு விளங்கத்தான் நாளாயிற்று.

மிட்டாயைக் கண்ணாடி என்று சொல்வது வெறும் உவமை இல்லை. சீனி நமக்கு இரண்டு உருவத்தில் கிடைக்கிறது. ஒன்று படிகம்: டப்பாவில் இருக்கும் சீனி, கற்கண்டு. அதில் சர்க்கரை மூலக்கூறுகள் அணி பிசகாமல் அடுக்கி நிற்கும். இன்னொன்று கண்ணாடி: கெட்டிப் பாகை வேகமாக ஆறவிட்டால், அடுக்கி நிற்க நேரம் கிடைக்காமல் அவை நின்ற இடத்திலேயே உறைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியும் அப்படி உறைந்ததுதான். உள்ளே பொடிப் படிகங்கள் இல்லாததால் வெளிச்சம் சிதறாமல் ஊடுருவும், நிறம் சுவரில் விழும். ஆனால் சர்க்கரைக் கண்ணாடிக்கு ஈரம் ஆகாது. ஈரமே இல்லாமல் இருந்தால் அறுபது டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் அது இளகும். அதற்குள் மூன்று நான்கு சதவிகிதம் தண்ணீர் ஏறிவிட்டால் நம் வீட்டுக்குள் இருக்கும் சூட்டுக்கே இளகத் தொடங்கும். இளகியதும் மூலக்கூறுகளுக்கு நகர இடம் கிடைக்கும், மெல்ல மெல்லப் படிகமாகும். பழைய மிட்டாயின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது அதுதான்.

குளிர் நாட்டுக்காரர்கள் டிசம்பரில் வீட்டுக்குள் காற்றைச் சூடேற்றிக்கொள்கிறார்கள். அந்தக் காற்று வறண்டிருக்கும், உதடு வெடிக்கும் அளவுக்கு. மிட்டாய்க்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை சில வருடம் மார்கழியிலும் விடாது. துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாத காற்று. அவர்கள் செய்முறையில் தப்பு இல்லை, அது இந்தக் காற்றுக்கு எழுதியதில்லை. அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கொரோனா. நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தோம். அத்தையை அடுக்களையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாகைத் திரும்பப் படித்தேன். படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பயினி காய்ச்சுவதை அவர்கள் சொல்லக் கேட்பது தனிச் சுகம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால்தான் வடிவது புளித்துக் கள்ளாகாமல் பயினியாக இருக்கும். காலையில் இறக்கியதை வடிகட்டி அகலச் சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு இறுகும் நேரத்தில் துடுப்பால் விடாமல் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றுவார்கள். ஆறியதும் தட்டினால் கருப்பட்டி. "கிண்டுனாத்தான் மணல் கட்டும், மணல் கட்டுனாத்தான் கருப்பட்டி நிக்கும்" என்பது அவர்கள் அம்மா சொல். பாகை அவ்வளவு இறுகவிடாமல் இறக்கி, கிண்டாமல் நூல் கட்டிய பானையில் ஊற்றி வாரக்கணக்கில் அசையாமல் விட்டால் நூலைப் பிடித்துப் பனங்கற்கண்டு வளரும். கிண்டினால் பொடிப் படிகம், அசையாமல் விட்டால் பெரும் படிகம். எனக்கு வேண்டியதோ இரண்டும் இல்லாதது, படிகமே ஆகாத பாகு. "அப்ப நீ பாகுக்கு எதிரா வேல செய்யணும்ளா" என்றார்கள் அத்தை.

அது எப்படியென்று சொல்கிறேன். சீனி 400 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 150 கிராம், தண்ணீர் 120 மில்லி. லிக்விட் குளுக்கோஸ் கேக் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதன் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாகக் கலந்து இருக்கும், அவை நடுவில் புகுந்துகொண்டால் சீனி அடுக்கி நிற்க முடியாது. நம் வீடுகளில் பாகு பூத்துப்போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு விடுவோமே, அதுவும் இதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது: புளிப்பு சீனியை உடைத்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக்கிவிடும். குலாப்ஜாமூனுக்கு அது போதும். இதற்குப் போதாது, ஏனென்றால் ஃபிரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதில் எல்லாரையும் மிஞ்சும். எலுமிச்சை விட்ட பாகு பளிங்கு போலத் தெளிவாக வந்தது, இரண்டே மணி நேரத்தில் கையில் ஒட்டியது. இரண்டு தடவை செய்து பார்த்த பிறகுதான் எலுமிச்சையை விட்டேன். கடையில் வாங்கும் புளிப்பு மிட்டாயை உருக்கினால் சீக்கிரம் கசிவதும் இதனால்தான். மறுபடி சூடேறும்போது அதிலிருக்கும் புளிப்பு சீனியை இன்னும் உடைக்கிறது.

அடி கனமான பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டு, சீனி கரையும்வரை மட்டும் கிண்ட வேண்டும். கொதி வந்தபின் கரண்டி படவே கூடாது. பக்கச் சுவரில் தெறித்த பாகு காய்ந்து ஒரு சீனித் துகளாகி உள்ளே விழுந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மொத்தமும் படிகமாகிவிடும். தண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் சுவரைத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

பதம்தான் உயிர். நூற்றுப்பதினைந்தில் உருட்டுப் பதம் வரும், நூற்றுமுப்பதில் கெட்டிப் பதம், நூற்றைம்பதில் மிட்டாய்ப் பதம். தெர்மாமீட்டர் காட்டுவது சூட்டை. உண்மையில் அது சொல்வது பாகில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதை. தண்ணீர் குறையக் குறையத்தான் கொதிக்கும் சூடு ஏறும். 150இல் ஒன்றிரண்டு சதவிகிதம்தான் மிச்சம் இருக்கும். 145இல் இறக்கினால் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் மறுநாள் காலையில் வித்தியாசம் தெரியும். அத்தைக்கு தெர்மாமீட்டர் வேண்டாம். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். "பல்லுல ஒட்டுது, இன்னும் ரெண்டு கொதி" என்பார்கள். பிறகு இன்னொரு சொட்டு. கிண்ணத்தின் விளிம்பில் தட்டினால் "டிங்" என்று கேட்கும். "ம், எறக்கு." நான் பார்க்கும்போது முள் 149, 150, சில சமயம் 151. ஒரு தடவையும் தவறியதில்லை. கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர்களும் இப்படித்தான் பாகைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்கள். 2020இல் அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நான் நினைத்துக்கொண்டது, இந்தக் காதும் பல்லும் அந்தச் சான்றிதழில் எங்கே எழுதியிருக்கும் என்றுதான்.

இறக்கியதும் ஊற்றக் கூடாது. குமிழ் அடங்க ஒரு நிமிஷம் விட்டு, நிறத்தைக் கலந்து ஊற்ற வேண்டும். தண்ணீராக இருக்கும் நிறச் சொட்டு விட்டால் சீறித் தெறிக்கும், ஜெல்லாக இருப்பது நல்லது. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சுலபம். நீலம் கஷ்டம். பாகு துளி மஞ்சளாகியிருந்தாலும் நீலம் அதோடு சேர்ந்து பாசி நிறமாகிவிடும். நீலத்துக்கென்று தனியாக, நல்ல தீயில் சீக்கிரமாகக் காய்ச்சி இறக்குகிறேன். அந்த நீலம் சுவரில் விழும்போது பட்ட பாடெல்லாம் மறந்துவிடும்.

சூட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்து போகும். பாகு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டு எரிக்கும். என் இடது கட்டை விரலில் அரை ரூபாய் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. அன்றைக்கு நல்ல வேளையாக உடனே குழாயடியில் கையைக் காட்டினேன். ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் வைத்திருக்க வேண்டும். பற்பசை, மை, ஐஸ் எதுவும் கூடாது. ஒட்டியதைப் பிய்க்கவும் கூடாது, தண்ணீரிலேயே அது கரைந்து போகும். பிள்ளைகளைப் பாகு கொதிக்கும்போதும் ஊற்றும்போதும் அடுக்களை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறேன். மிட்டாய் உடைப்பது, அச்சில் நிரப்புவது, நூல் கட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. பாகு என் வேலை.

சரி, ஸ்டாருக்கு வருகிறேன். 2021இல்தான் அந்த யோசனை வந்தது. அப்பாவின் ஸ்டாரில் கண்ணாடித் தாள் இருந்த இடத்தில் மிட்டாய்க் கண்ணாடியை வைத்தால் என்ன? அந்தக் காலத்தில் முடியாது. குண்டு பல்பு சூட்டில் கண்ணாடித் தாளே சுருங்கும், மிட்டாய் ஒரு மணி நேரம் தாங்காது. எல்.இ.டி. வந்தபின் அந்தச் சூடு இல்லை. வயிறு வைத்த ஸ்டாருக்கு வளையும் தாள் வேண்டும், விறைத்த கண்ணாடி பொருந்தாது. அதனால் தட்டை ஸ்டார். என் வீட்டுக்காரர் மெல்லிய பிளைவுட்டில் ஒரு ஸ்டார் அறுத்துக் கொடுத்தார், ஐந்து முக்கோண ஜன்னல், நடுவே ஒரு ஐங்கோணம். முக்கோணத்தின் அடி பத்து சென்டிமீட்டர், உயரம் பதினைந்து. அலுமினியத் தாளை நீளமாக மடித்துக் கரை கட்டி, எண்ணெய் தடவிய தட்டில் ஒவ்வொன்றாக ஊற்றினேன். நாலு மில்லிமீட்டர் கனம். அதற்குமேல் போனால் நிறம் இருண்டுவிடுகிறது, குறைந்தால் உடைகிறது. பின்பக்கம் ஓரத்தில் பாகையே பசையாகத் தொட்டு ஒட்டினேன். கண்ணாடி மட்டும் 350 கிராம் வந்தது. பின்னால் ஒரு பலகை, இடையில் எல்.இ.டி. சரம்.

தொங்கவிட நூல் ஆகாது, அது ஈரத்தை ஊறி இழுக்கும். மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பு கட்டினோம். ஆணியைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவிய பஞ்சு. எறும்பு அதைத் தாண்டவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான மாற்றம் ஒன்று செய்தேன். ஸ்டாரை டிசம்பர் முழுக்கத் தொங்கவிடுவதை விட்டேன். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் ஏற்றுவது, இருபத்தைந்தாம் தேதி இரவு இறக்குவது. ஒரே ஒரு நாள். அதற்கு முன்னால் செய்து வைத்த கண்ணாடிகள் பிஸ்கட் டின்னில், வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி முடிப்போடு, பேக்கிங் தாள் இடை வைத்து இருக்கும். அத்தை வீட்டில் மழைக்காலக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் வைத்து அடுப்புக்கு மேலே பரணில்தான் வைப்பார்களாம், கீழே எரியும் அடுப்பின் வெக்கையும் புகையும் அதைக் காயவைத்துக்கொண்டே இருக்கும். என் டின்னும் அடுப்புக்கு மேலே உள்ள தட்டில்தான் இருக்கிறது.

ஈரத்துக்கு அசையாத ஐசோமால்ட் என்று ஒன்று உண்டு. சீனியிலிருந்துதான் அதையும் எடுக்கிறார்கள். கேக் அலங்காரக்காரர்கள் பயன்படுத்துவது. ஒரு தடவை வாங்கி ஊற்றினேன். தெளிவு என்றால் அப்படியொரு தெளிவு, வாரக்கணக்கில் பிசுக்கு ஏறவில்லை. ஆனால் இனிப்பு பாதிதான், விலையோ பல மடங்கு, பிள்ளைகள் நிறையத் தின்றால் வயிறு போகும். கடை ஜன்னலுக்கு வைக்கிறவர்கள் அதை வாங்கலாம். எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று நான் முடிவெடுத்தது விலைக்காக இல்லை. ஆசைதீரத் தின்ன முடியாவிட்டால் அது மிட்டாயே இல்லை.

சின்ன வயதில் ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் பக்கம் அப்பா கூட்டிப்போவார். ஜவ்வு மிட்டாய்க்காரர் நிற்பார். நீளக் கம்பு, அதன் உச்சியில் கைதட்டும் பொம்மை, பொம்மைக்குக் கீழே சுற்றிய மிட்டாய், ரோஸும் வெள்ளையும். காசைக் கொடுத்தால் மிட்டாயை இழுத்து, முறுக்கி, ஐந்து விரலில் என்னவோ செய்து, கையில் வாட்ச் கட்டிவிடுவார். வாட்சுக்குச் சங்கிலி, முகப்பு எல்லாம் இருக்கும். மோதிரமும் போடுவார், மயிலும் செய்வார். நான் வாட்சை நக்காமல் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டே தேர் பார்ப்பேன். வெயிலில் வாட்ச் இளகி மணிக்கட்டில் வழியும். அப்பா குனிந்து, "தின்னுரு மக்கா, போட்டுப் பாத்தாச்சுல்லா" என்பார். குளிர் நாட்டுப் பழக்கம் ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன் என்று முதலில் நினைத்திருந்தேன். மிட்டாயில் நகை செய்து போட்டுக்கொண்டு பிறகு தின்பது என் மணிக்கட்டிலேயே இருந்திருக்கிறது.

2023ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த வருடம் டிசம்பர் முதல் வாரத்திலேயே கண்ணாடிகள் தயார். பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடாமல் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு கேட்டோம். தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு எண்ணூறு பேர் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் வீடு மேடு, தண்ணீர் ஏறவில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருக்கும் நாத்தனார் குடும்பம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அவர்களோடு பக்கத்து வீட்டார் இரண்டு குடும்பம். கரண்ட் இல்லை. பதினான்கு பேருக்கு ஒரு அடுப்பு, வீடு முழுக்க ஈரத் துணி.

மூன்றாம் நாள் ஏதோ தேடும்போது டின்னைத் திறந்தேன். அரிசி முடிப்பு நனைந்த மாதிரி இருந்தது. அத்தனை கண்ணாடியும் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பும் பச்சையும் நீலமும் வரிவரியாக ஒரே பாளம். மூடிவிடலாம் என்று பார்த்தேன். அத்தை வாங்கிக்கொண்டு, ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டு, அம்மிக் குழவியால் உடைத்து ஒரு தட்டில் போட்டுப் பிள்ளைகள் நடுவே வைத்தார்கள். மூன்று நாளாக ஸ்கூல் பை, புத்தகம், வளர்த்த கோழி என்று போனதை மட்டுமே பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள். அண்டை வீட்டுப் பையன் ஒரு துண்டை எடுத்து டார்ச் முன்னால் பிடித்தான். சுவரில் ஒரு பச்சைக் கோடு விழுந்தது. உடனே எல்லாரும் ஆளுக்கொரு துண்டோடு டார்ச்சைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அந்த வருடம் நாங்கள் ஸ்டார் ஏற்றவில்லை. இருபத்தைந்தாம் தேதி ஆராதனைக்குப் போய்விட்டு வந்து வண்ணாரப்பேட்டை வீட்டில் சேறு வாரினோம்.

அதற்குப் பிறகு கண்ணாடிகளை முன்கூட்டிச் செய்வதில்லை. இருபத்துமூன்றாம் தேதி இரவு பாகு, மறுநாள் காலை ஒட்டல். அந்த இரண்டு நாளும் அடுக்களை எனக்கு. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அதற்கு முன்பே சுட்டு முடித்துவிட வேண்டும் என்பது வீட்டில் சட்டமாகிவிட்டது.

போன வருடம் நடு ஐங்கோணத்துக்குப் பனங்கற்கண்டில் ஊற்றிப் பார்த்தேன். கருப்பட்டியில் முடியாது, அதிலிருக்கும் மற்ற சத்துகள் பாகை மங்கலாக்கி நூற்றுமுப்பதிலேயே கருகும் வாசத்தைக் கொண்டுவந்துவிடும். பனங்கற்கண்டு கொஞ்சம் பரவாயில்லை. கரைத்து இரண்டு தடவை துணியில் வடிகட்டி, குளுக்கோஸ் சேர்த்து மெல்லிய தீயில் காய்ச்சினேன். 145இல் நுரை நிறம் மாறத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற அத்தை, "போதும்ளா, எறக்கிரு" என்றார்கள். முழுப் பதம் இல்லை என்று தெரியும். ஒரு நாள் தாங்கும், எனக்கு அது போதும். தட்டில் ஊற்றியபோது தேன் மாதிரி இருந்தது, ஆறியபோது அப்பா போட்டிருந்த மூக்குக் கண்ணாடியின் ஃபிரேம் நிறம்.

அந்த இரவு கேரல் பாட வந்தவர்கள் வாசலில் நின்று பாடி முடித்துவிட்டும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றார்கள். எதிர்வீட்டுச் சுவரில் ஐந்து நிறமும் நடுவில் பனை நிறமும் விழுந்திருந்தது. மழை இல்லை. காற்றில் ஈரம் மட்டும்.

இருபத்தைந்தாம் தேதி இரவு ஸ்டாரை இறக்கித் திண்ணையில் வைத்தோம். கண்ணாடிகளை நெம்பி எடுத்து, தூசி பட்ட மேற்பரப்பை ஈரத் துணியால் துடைத்து உடைத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். நீலம் வேண்டும் என்று சண்டை. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயதாகிறது. சிவப்பில் ஒரு துண்டை எடுத்து ஒரு கண்ணுக்கு முன்னால் பிடித்து, தெருவிளக்கைப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். நடு ஐங்கோணத்தை யாரும் எடுக்கவில்லை. அத்தை அதைத் தன் பக்கம் இழுத்து இரண்டாக முறித்தார்கள். பாதியை என்னிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் கடுங்காப்பித் தம்ளரில் போட்டுக் கரையும்வரை கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார்கள்.